வார்டு துரையும் என் முழங்காலும்

"அம்மா, நான் மலையேறப் போகிறேன்" என்று என் பெண் சொன்ன தினத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் ஆறு விசில் அடித்தது. பருப்பு கூழாகிவிட்டது. அதைக் கவனிக்க யாருக்கு மனசு இருந்தது?

"எந்த மலை?" என்றேன். பழனி, திருவண்ணாமலை என்று ஏதாவது பதில் வரும் என்று ஒரு நப்பாசை.

"கொடைக்கானலில், வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி. காட்டுப் பாதை. நாலு சிநேகிதிகளோடு."

"கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீ பிடித்து, மலையேறப் போன இருபத்து மூன்று பேர் மாண்டார்களே, அதில் பலர் இவளைப்போல வேலைக்குப் போகிற பெண்கள்தானே! அன்று இரவு முழுவதும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பெற்ற வயிறு அதை எப்படி மறக்கும்?

என் பெண் சண்டை போடவில்லை. அதுதான் அவளிடம் உள்ள பொல்லாத குணம். சாதம் பிசைந்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்: "சரி, நான் போகவில்லை. நீயும் நானும் போவோம். வழியை நீயே பார். நேரத்தை நீயே போடு. உனக்குப் பயமில்லாத மாதிரி ஒரு திட்டம் போட்டுக் கொடு, அதன்படி நடக்கிறேன்."

ஐம்பத்தெட்டு வயசில், இரண்டு முழங்காலில் ஒன்று சொன்னபடி கேட்காத நிலையில், நான் மலையேற்றத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்த கதை இதுதான்.

'வெள்ளகவி' என்ற பெயர் எனக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பாட்டி பெரியகுளத்துக்காரி, 1908-ல் பிறந்தவள். கொடைக்கானலுக்கு மோட்டார் போகத் தொடங்கியது 1916-ல்தான். அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து, சற்றேறக்குறைய ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு, ஜனங்கள் நடந்தே ஏறினார்கள். காசுள்ளவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். குதிரையில் போனவர்களும் உண்டு. பாட்டிக்கு ஐந்து வயசில் கிடைத்த வாகனம் அவளுடைய அப்பாவின் தோள். கும்பக்கரை, வெள்ளகவி வழியாக ஏறினார்களாம். "வெள்ளகவி கண்ணிலே பட்டதும் அப்பா என்னை இறக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையிலே எடுத்துண்டார். அந்த ஊர் முழுக்கச் சாமிடி" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும் வெள்ளகவிக்காரர்கள் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. தெருவுக்குத் தெரு கோயில். அதனால் ஊரே கோயில் என்பது அவர்கள் கணக்கு. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. என் பெண்ணிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் பேரத்தில் நம் கை தாழ்ந்துவிடுமே!

முதலில் அனுமதி. இது வனத்துறையின் காடு. நினைத்தவர்கள் நினைத்தபோது நுழைகிற இடம் அல்ல. குரங்கணி விபத்துக்குப் பிறகு சட்டதிட்டங்கள் கடுமையாகின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு, மலைவாசிகளான வழிகாட்டிகளோடு போய்வர ஏற்பாடு செய்தது. வட்டக்கானல் - வெள்ளகவிப் பாதையும் அதில் ஒன்று. காட்டுத் தீ பயமுள்ள கோடை மாதங்களில் அனுமதி கிடையாது. ஆகவே 2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு தேதியைப் பதிவு செய்தோம்.

"வழிகாட்டிதான் வருகிறாரே, அப்புறம் உனக்கு மேப் எதற்கு?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வழிகாட்டிக்கு வழி தெரியும். என் முழங்காலைத் தெரியுமோ? எவ்வளவு தூரம், எங்கே செங்குத்து, எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் நடக்கிறவளுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

என் பெண் செல்போனில் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்தாள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று பெயர். 2004-ல் தொடங்கிய காரியம். உலகமெங்கும் உள்ள தன்னார்வக்காரர்கள் கூலி வாங்காமல் வரைந்துவரும் படம். அதன்மேல் கொசகொசவென்று பழுப்பு நிறக் கோடுகள். குழந்தை கிறுக்கினாற்போல இருந்தது. "இதுதான் உயரக் கோடு. ஒரு கோட்டில் உள்ள இடமெல்லாம் ஒரே உயரம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. பிறகு தானாகவே புரிந்தது. சகோதரிகளே, கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கோபுரத்தின் உச்சியில் நின்று குளத்தைப் பார்த்தால் படிகளெல்லாம் வரிவரியாகக் கோடுகளாகத் தெரியுமல்லவா? அதே சங்கதிதான். நான் பார்த்த படத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் விலகியிருந்தால் அகலப் படி, சௌக்கியமாக இறங்கலாம். நெருங்கியிருந்தால் செங்குத்துப் படி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே படியே இல்லை, பாறைச் சுவர்! டால்ஃபின் மூக்கு என்று உல்லாசப் பயணிகள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அந்தப் பாறையைச் சுற்றிக் கோடுகள் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது.

இந்த இடத்தில் என் கணவர் கைங்கரியம் ஒன்று நடந்தது. பழைய புஸ்தகம் ஒன்றில் கொடைக்கானலின் அட்சரேகை 10 டிகிரி 14 நிமிஷம், தீர்க்கரேகை 77 டிகிரி 29 நிமிஷம் என்று பார்த்துவிட்டு, 10.14, 77.29 என்று செல்போனில் தட்டினார். புள்ளி போய் விழுந்தது எங்கே தெரியுமோ? மேற்கே இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், கேரள எல்லை மலைகளில்! "உங்கள் மேப் தப்பு" என்று கம்பீரமாகச் சொன்னார். தப்பு மேப்பில் இல்லை. ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம். ஆகவே 14 நிமிஷம் என்பது புள்ளிக்கணக்கில்.14 அல்ல, .23. ஒண்ணே கால் மணியை 1.15 என்று எழுதிக் கூலிக் கணக்குப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சிரிக்கிற விஷயமாகத் தோன்றலாம். ஆனால் காலை உடைத்துக்கொண்டு காட்டில் உட்கார்ந்திருக்கும்போது, மீட்க வருகிறவர்களுக்கு இந்த எண்ணைத் தப்பாகச் சொன்னால் அவர்கள் வேறு மாநிலத்தில் தேடுவார்கள்! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா எண்ணும் புள்ளிக்கணக்கில்தான்.

ஜி.பி.எஸ். என்பதைப் பற்றி நான் எண்ணிக்கொண்டிருந்ததும் தப்பாகவே இருந்தது. டவர் கிடைக்காத இடத்தில் அது வேலை செய்யாது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பூமிக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டு, 'இப்போது மணி இவ்வளவு, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் செல்போன் அதைக் காதால் கேட்கிறது, அவ்வளவுதான்; பதில் சொல்வதில்லை. நம்மூரில் நாலு கோயில் மணிகளும் சரியாக ஆறு மணிக்கு அடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மணி முந்திக் கேட்டது, எது பிந்திக் கேட்டது என்று கவனித்தால், கண்ணை மூடிக்கொண்டே நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்தக் கணக்குத்தான். இங்கேயும் நாலு மணி வேண்டும். நாலு செயற்கைக்கோளாவது கேட்க வேண்டும். ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் ஒரு கூறு பிசகினால், இடம் 300 மீட்டர் பிசகிப் போகும். அத்தனை நுணுக்கம்! ஆனால் படம் மட்டும் இன்டர்நெட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆகையால் வீட்டிலேயே படத்தை இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். ஊறுகாயை ஊரிலேயே கட்டிக்கொண்டு போகிற மாதிரி. காட்டில் நுழைந்ததும் 'ஏரோப்ளேன் மோட்' என்கிறதைப் போட்டுவிட்டால், டவரைத் தேடித் தேடி பாட்டரி வீணாகாது, ஜி.பி.எஸ். பாட்டுக்கு வேலை செய்யும்.

பரீட்சை பார்க்க ஒரு நாள் மெரீனாவுக்குப் போனோம். கடலோரத்தில் நின்று என் கணவர் செல்போனைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. "உயரம்: மைனஸ் தொண்ணூறு மீட்டர்" என்றது. "நாம் முழுகிவிட்டோமா?" என்றார். இது கோளாறு அல்ல. பூமி ஒரு வழவழப்பான அமுங்கிய பந்து என்று வைத்துக்கொண்டு செயற்கைக்கோள்கள் உயரம் கணக்கிடுகின்றன. இந்தியாவின் தென்கோடியிலும் இலங்கைக்குத் தெற்கேயும் பூமியின் ஈர்ப்புச் சற்றுக் குறைவு. கடல் மட்டமே அந்தக் கணக்குப் பந்துக்கு 90, 100 மீட்டர் கீழே கிடக்கிறது. சில செயலிகள் இதைத் திருத்திச் சொல்லும். சில திருத்தாமல் அப்படியே கொட்டிவிடும். வேறு பல தேசத்துக்காரர்களுக்கு இத்தனை வித்தியாசம் வராது. நமக்கு முன்னூறு அடி போய்விடுகிறது. ஆகவே மலையில் உயரத்தைப் பார்த்து 'இங்கேதான் திரும்ப வேண்டும்' என்று முடிவு கட்டுகிறவர்கள் ஜாக்கிரதை.

நாங்கள் இருப்பது ஆதம்பாக்கம். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும். அந்த மலையடியில்தான் 1802 ஏப்ரலில் லாம்டன் துரை நூறடிச் சங்கிலியைப் போட்டு, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை ஏறக்குறைய இரண்டு மாசம் அளந்தார். இந்தியாவையே அளந்த பெரிய சர்வேக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அந்தக் காலத்து சர்வேக்காரர்களில் ஒருவரான லெப்டினன்ட் வார்டு என்பவர், 1821-ல் வெள்ளகவியிலிருந்து மேலே ஏறிப் போய்க் கொடைக்கானல் மலையை அளந்து எழுதிவைத்தார். அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே வீடு கட்டியது 1845-ல், அதற்கு வெகு காலம் பிறகு. ஆக, நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்த இதே பாதை, இருநூறு வருஷத்துக்கு முன்னால் படத்தில் ஏறிய பாதை! துரைக்கு சங்கிலியும் தியோடலைட்டும் கூலியாட்களும் இருந்தார்கள். எனக்கு ஒரு செல்போனும் ஒரு கோடு போட்ட நோட்டும்.

நோட்டில் நேரக் கணக்குப் போட்டேன். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு, ஏறுகிற ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி. எட்டுக் கிலோமீட்டர் நடையும் இரண்டாயிரம் அடி ஏற்றமும் இருந்தால் இரண்டரை மணிக்குச் சற்று மேலே. அது ஸ்காட்லாந்து முழங்கால்! என் முழங்காலுக்கு இரண்டால் பெருக்கி, ஐந்து மணி என்று வைத்தேன்.

இந்தப் பாதையில் ஒரு பெரிய ஏமாற்று இருப்பதும் அப்போதுதான் விளங்கியது. மற்ற மலைகளில் காலையில் ஏறி, களைத்தபின் இறங்குவோம். வெள்ளகவிக்கோ முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். காலையில் உற்சாகமாகக் கடனுக்குச் சாமான் வாங்கிக்கொண்டே போவது மாதிரி இறங்கிவிடலாம். பிற்பகலில் வட்டியும் முதலுமாக மலை வசூலித்துவிடும். ஜனவரியில் ஆறேகாலுக்குள் சூரியன் போய்விடும். ஐந்து மணிக்குள் மேலே வந்தாக வேண்டும். ஏற ஐந்து மணி, மேலே வரப் போக அரை மணி கூடுதல் என்றால், எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்பியாக வேண்டும். என் பெண்ணின் பிடிவாதம் எனக்குத் தெரியுமாதலால், சிவப்பு மையில் பெரிசாக எழுதினேன்: '11.30 - திரும்ப வேண்டும். யார் அழுதாலும்.' அந்தக் காகிதத்தில் ஒரு பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்களோடு எடுத்துக்கொண்டோம். இன்னொன்று வட்டக்கானலில் காத்திருக்கப் போகும் என் கணவரிடம். ஐந்தரை வரை நாங்கள் வராவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு.

காலை ஏழு மணிக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீருமாகப் புறப்பட்டோம். வழிகாட்டியாக வந்த தம்பி மெலிந்த பையன். ஒரு குச்சியை வெட்டி என் கையில் கொடுத்தான். மரவேர்களே படிக்கட்டாகப் பின்னிக் கிடக்கும் பாதை. டால்ஃபின் மூக்கை அடைந்தபோது ஒரே பனிமூட்டம்! பாறைக்கு அப்பால் உலகமே இல்லை. அரை மணி காத்திருந்தோம். அதைத் தாண்டியதும் உல்லாசப் பயணிகள் சத்தம் நின்று, சோலைக்காடு கவிந்துகொண்டது.

அங்கே செல்போனில் எங்கள் நீலப் புள்ளிக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு நிமிஷம் பாதையில். அடுத்த நிமிஷம் பள்ளத்தாக்கில் அந்தரத்தில். அடர்ந்த மரங்களுக்கும் மலைச் சுவருக்கும் நடுவே செயற்கைக்கோளின் குரல் எதிரொலித்து வருவதால் இப்படி ஆகுமாம். ஒரு கவட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. படத்தில் இடதுபுறம் தெளிவாக ஒரு கோடு இருந்தது. "இந்தப் பக்கம்" என்றேன், திட்டம் போட்ட அதிகாரத்தில்.

தம்பி சிரித்தான். "அது காட்டுமாடு போற தடம்மா. அங்கிட்டுப் போனா ஓடையிலதான் போய் நிப்பீக."

எப்போதோ யாரோ ஒரு புண்ணியவான் வழி தவறி அங்கே போய், அதை அப்படியே படத்தில் ஏற்றிவிட்டிருக்கிறார். கோடு இருப்பதனாலேயே அது பாதையாகிவிடாது என்று அன்று தெரிந்தது. வலதுபுறம் திரும்பினோம்.

எதிரே மூன்று பெண்கள், தலையில் மூட்டையோடு, வெறுங்காலோடு, மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளகவிக்காரர்கள். எல்லாச் சாமானும் தலைச்சுமை, இல்லாவிட்டால் குதிரை. நான் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"டோலி கட்டித்தாந் தூக்குவாக. இவளத் தூக்கிட்டுப் போனது மழையில. பாதி வழியில பிள்ளை பெறந்திருச்சு" என்று நடுவில் நின்றவளைக் காட்டினாள் மூத்தவள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பாம். என் பிளாஸ்டிக் உறைக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோடு வரப்போகுதா ஆத்தா? அளக்க வந்தீகளா?" என்றாள் மூத்தவள். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை, பார்க்கத்தான் வந்தோம்" என்றேன். "பாருங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் ஏறிப் போய்விட்டார்கள்.

இறக்கத்தில் முழங்கால் தன் பேச்சை ஆரம்பித்தது. பத்தடிக்கு ஒரு தரம் நின்றேன். ஒரு திருப்பத்தில் தம்பி கையை நீட்டினான். கீழே, வெகு கீழே அல்ல, பச்சைக்கு நடுவில் தகரக் கூரைகள். புகை. ஒரு சேவல் கூவுவதுகூடக் கேட்டது.

"வெள்ளகவி. இன்னும் அரை மணிதாம்மா."

என் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பது.

"அரை மணிதானே!" என்றேன் நான்.

"போக அரை மணி, வர ஒரு மணி. உன் கணக்கில் ஐந்துக்குப் பதில் ஆறரை" என்றாள். "தம்பி கூட இருக்கிறாரே" என்றேன். "டார்ச் இருக்கிறதே" என்றேன். "இத்தனை தூரம் வந்து..." என்றபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் குரல் கம்மிவிட்டது. பாட்டி கதையை அங்கேதான் அவளிடம் முதல் முறையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் முன்னால் பிடித்தாள். சிவப்பு மை. என் கையெழுத்து. 'யார் அழுதாலும்.'

கால்மணி நேரம் அங்கே நின்றோம். பாட்டியின் அப்பா அவளை இறக்கிவிட்ட இடம் இதற்குக் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். இருந்தாலும் ஊர் கண்ணில் பட்டுவிட்டதே! நான் ஷூக்களைக் கழற்றினேன். ஜனவரி மண் ஜில்லென்று காலில் ஏறியது. என் பெண் ஒன்றும் சொல்லாமல் தானும் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் திரும்பினோம்.

ஏற்றத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. நாலு மணி ஐம்பதுக்கு வட்டக்கானல் கடைகள் தெரிந்தன. பாதை முனையில் என் கணவர், ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் காகிதமுமாக நின்றார். மூன்று மணியிலிருந்து நிற்கிறாராம்; டீக்கடைக்காரர் சொன்னார்.

ராத்திரி விடுதியில் செல்போன் பதிவு செய்திருந்த எங்கள் நடையைப் பார்த்தோம். மலையின் குறுக்கே ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. கீழ்க்கோடியில் மட்டும் நூல் சிக்கினாற்போல ஒரு சின்ன முடிச்சு. நாங்கள் நின்று வாதாடிய இடம். அந்த முடிச்சின்மேல் ஒரு புள்ளி வைத்து, என் பெண் 'பாட்டி' என்று பெயர் எழுதியிருந்தாள்.

மறுபடியும் பதிவு செய்யப் போகிறோம். திரும்பும் நேரத்தை மாற்ற மாட்டேன் என்கிறாள். வழிகாட்டிகள் சம்மதித்தால், புறப்படும் நேரத்தை ஆறு மணியாக்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறாள். நான் தினம் சாயங்காலம் பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். என் கணவர் பின்னாலேயே வந்து, செல்போனைப் பார்த்து உயரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதி மலை ஏறியும் இன்னும் கடலுக்கு அடியில்தான் இருக்கிறாராம்.